கோழி முட்டையிட்ட மொறிஸ் மைனர்

பின் சீற்றில் 11 முட்டைகள் இருந்தன. அடைகிடந்த கோழி என்னைக் கண்டதும் செட்டையை விரித்துக்கொண்டு கொத்த வந்தது. 2020 ஏப்ரல், ஊரடங்குக் காலம். வங்கிக் கிளைக்குக் கிழமையில் 2 நாள் போனால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். மிச்ச நாட்களில் வளவைச் சுற்றிச் சுற்றி வந்தபோதுதான், பின்பக்கக் கொட்டிலுக்குள் 13 வருடத்துக்கு மேலாக நின்ற பெரியப்பாவின் மொறிஸ் மைனர் காரின் கதவை இழுத்துப் பார்த்தேன். கைபிடி கையோடு வந்துவிட்டது.

எங்களூர் மானிப்பாய். பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார். கார் 1959இல் செய்தது. அவர் வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இலங்கைக்குப் புதுக் கார் வருவது அரிது. அதனால் ஏற்கெனவே வந்திருந்த பிரித்தானியக் கார்களைத்தான் ஆள் மாறி ஆள் வைத்து ஓடினார்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40. மொறிஸ் மைனர் வாத்தியார்மாருக்கும் கிளாக்கர்மாருக்கும் உரிய கார். போர் வந்து பாதை அடைபட்ட பிறகு புதிதாக எதுவும் உள்ளே வராததால், வேறு ஊர்களில் இரும்புக் கடைக்குப் போன கார்கள் இங்கே தொடர்ந்து ஓடின.

பெரியப்பாவின் கார், போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு எங்களில் 9 பேரை ஏற்றிக்கொண்டு நாவற்குழி தாண்டியது. அடுத்த வருடம் அதே 9 பேரையும் திருப்பிக் கொண்டுவந்தது. 2006 ஓகஸ்ற்றில் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டு, பெற்றோல் மறுபடி போத்தல் கணக்கில் விலைபோகத் தொடங்கியபோது கொட்டிலுக்குள் விட்டார். சில மாதத்தில் அவரும் போய்விட்டார். பெரியம்மா தடித்த ரென்ற் சீலையால் காரைப் போர்த்து, சுற்றிக் கயிறு கட்டி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் போர்வைதான் காரைத் தின்றது. மண் தரையிலிருந்து கிளம்பிய ஈரம் சீலைக்குள்ளேயே நின்றிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடியும் சாகாத கார், பொத்திப் பொத்தி வைத்ததில் உக்கிப் போயிருந்தது. பழைய கார் வைத்திருக்கும் யாராவது கேட்டால் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: வெறும் மண்ணில் நிறுத்தாதீர்கள், காற்றுப் புகாமல் மூடாதீர்கள், மாதத்தில் ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்குமாகத் தள்ளியாவது விடுங்கள்.

முட்டை பொரித்து, குஞ்சுகள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். அந்தப் பொறுமை அடுத்த நாளே போய்விட்டது. ஒரு பற்றரியை வாங்கிப் பூட்டி ஸ்ராற்றரை இழுத்தேன். ‘க்ளக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தம்பியாரின் லாண்ட் மாஸ்ரரில் (இரு சில்லு உழவு இயந்திரம்) கயிறு கட்டி, கியரில் போட்டு இழுத்தோம். பின் ரயர் இரண்டும் சுற்றாமல் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. இறுகிய என்ஜினை இப்படி இழுத்தால் பிஸ்ரன் றிங் உடையலாம், கொனெக்ரிங் றொட் வளையலாம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஒன்றும் உடையாதது என் அதிர்ஷ்டம்.

ஜூனில் கராஜ் அண்ணை வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கராஜை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் ஊரில் அவருக்கு அதுதான் பெயர். மண்ணில் கிடந்த ரயர்க் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“செத்தவனை எழுப்பி ஓடச் சொன்ன மாதிரியெல்லோ கிடக்கு. ஆர் தம்பி உதைச் சொல்லித் தந்தது?”

அன்று அவர் கொண்டுவந்தது ஒரு திருப்புளியும் ஒரு துண்டு வெண்கட்டியும் மட்டும். பொனற்றைக்கூடத் திறக்கவில்லை. சாக்கை விரித்து, காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டண்’ என்றது. கெட்ட இடத்தில் ‘பொத்’ என்றது. ‘பொத்’ என்ற இடத்தில் நுனியால் குத்தினார். பிஸ்கற்றில் குத்தியதுபோல உள்ளே போயிற்று. அங்கெல்லாம் வெண்கட்டியால் வட்டம் போட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் துருத் தூள். நான் எண்ணிப் பார்த்தேன், 43 வட்டம்.

மொறிஸ் மைனரை வாங்க நினைப்பவர்கள் மேல் பெயின்ற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, உடம்பும் அடித்தளமும் ஒன்றாய்ப் பற்றவைத்தவை. சாக வேண்டிய இடம் கீழேதான் இருக்கும். முன் சீற்றுக்கு அடியில் குறுக்கே ஓடும் பெட்டித் தகடு, அதன் இரு முனையிலும் ஜாக் வைக்கும் இடம், பின் வில் தொங்கும் முனைகள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி. இவை நல்லதென்றால் மற்றதெல்லாம் செலவு மட்டுமே. இவை போயிருந்தால் அது வேறு கதை. என்னுடையது வேறு கதை.

பிறகுதான் பொனற்றைத் திறந்தார். திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. காபரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகுகுழாய், மூன்று வழி உள்ளது. அதிலிருந்து ஒரு செப்புக் குழாய் எக்ஸோஸ்ற் மனிபோல்டை நாலு சுற்றுச் சுற்றி வந்தது. “உது நான் பூட்டினது,” என்றார்.

போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றோல் கிடைக்காது, கிடைத்தாலும் போத்தலில் யானை விலை. மண்ணெண்ணெய் ஓரளவு கிடைக்கும். ஆனால் குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதனால் பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல், பின்னால் ராங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராற் பண்ணி, மனிபோல்ட் கொதித்ததும் திருகுகுழாயைத் திருப்பினால், அந்தச் செப்புச் சுற்றில் சூடேறிய மண்ணெண்ணெய் காபரேற்றருக்குப் போகும். வீடு வந்து சேர அரைக்கட்டை (அரை மைல்) இருக்கும்போதே மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் காபரேற்றர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றுவிடும், காலையில் ஸ்ராற் ஆகாது. அமுக்கம் குறைந்த பழைய என்ஜின் என்பதால்தான் இது முடிந்தது. அப்படியும் மேட்டில் ஏறும்போது ‘கட கட’ என்று இடிக்கும். பற்றும் நேரத்தைப் பின்தள்ளி வைத்துத்தான் ஓட்டினார்கள். புகையில் கண் எரியும். சின்ன வயதில் எனக்குக் கார் என்றால் அந்த மணம்தான்.

ஓடினாலும் மண்ணெண்ணெய் என்ஜினுக்குள் ஒரு வேலை செய்தது. முழுதாக எரியாத பங்கு சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, என்ஜின் அடியில் இருக்கும் சம்பில் உள்ள ஒயிலோடு சேர்ந்துவிடும். ஒயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே வரும். பெரியப்பா “என்ரை கார் ஒயில் குடிக்காது, குடுக்கும்” என்று பகிடியாகச் சொல்வாராம். பகிடியில்லை. நீர்த்துப்போன அந்த ஒயிலில் பெயாரிங் தேயும். என்ஜினைக் கழற்றியபோது சிலிண்டரின் மேல்விளிம்பில் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தது.

ஆனால் கழற்றுவதற்கு முன்னால் அதைச் சுற்ற வைக்க வேண்டுமே. அண்ணை சொன்னபடி 4 பிளக்கையும் கழற்றி, ஒட்டோமற்றிக் கியருக்கு விடும் ஒயிலையும் தின்னரையும் சரிபாதி கலந்து, துளைக்கு 4 மேசைக்கரண்டி விட்டேன். துணியால் அடைத்தேன். ஒன்றுவிட்ட ஒரு நாள் மாலையில் திரும்பவும் விட்டேன். பிறகு நாலாம் கியரில் போட்டு, கையால் காரை முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்துப் பார்ப்பது. நாலாம் கியர் ஏனென்றால் அதில்தான் சில்லின் அசைவு என்ஜினுக்கு மெதுவாக, கூடிய பலத்தோடு போகும். 18ஆம் நாள் விசிறி ஒரு விரற்கடை நகர்ந்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இவ்வளவுதானோ?” என்றா.

என்ஜின் வெளியே வந்த பிறகுதான் எங்களூர்த் தண்ணீரின் வேலையைப் பார்த்தேன். யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தில் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே தண்ணீரை 40 வருடம் றேடியேற்றருக்குள் விட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடிகளைத் தட்டிக் கழற்றி, வளைந்த கம்பியால் கிண்டி எடுத்த சுண்ணாம்பும் துருச் சேறும் ஒரு பால்மா ரின் நிறைய வந்தது. நாலாம் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் போக வழியே இருக்கவில்லை. கார் சூடாகுது, சூடாகுது என்று றேடியேற்றரை மாற்றுபவர்கள் முதலில் இந்த மூடிகளைக் கழற்றிப் பார்க்கலாம். இப்போது மாரி மழைத் தண்ணீரைப் பீலியில் பிடித்து, கானில் சேர்த்து வைத்திருக்கிறேன். காருக்கு அது, எங்களுக்குக் கிணறு.

என்ஜினைப் பட்டறைக்கு அனுப்பி சிலிண்டர்த் துளையை 20 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு) பெருப்பித்து, அதற்கேற்ற பிஸ்ரன் போட்டோம். ஈயம் கலக்காத பெற்றோலுக்குத் தாங்கும்படி எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையமும் அழுத்தினார்கள். இந்த இரண்டையும் வீட்டுக் கொட்டிலில் செய்ய ஆசைப்படக் கூடாது. கொட்டிலில் செய்யக்கூடியது கழுவுவது, அளப்பது, பூட்டுவது.

நட்டுச் சாவி விஷயத்தில் நான் பட்ட பாடு தனி. எனக்கு இருந்தது மில்லிமீற்றர் ஸ்பானர்ப் பெட்டி. இந்தக் கார் முழுக்க அங்குலக் கணக்கு. அரை அங்குல நட் என்றால் 12.7 மில்லிமீற்றர், அதற்கு 13 சாவி பொருந்துவதுபோல இருக்கும், இறுக்கினால் வழுக்கி மூலையை மழுக்கும். 7/16 நட்டுக்கு 11 சாவி மயிரிழையில் ஏறாது. நான் 3 நட்டை உருண்டையாக்கிய பிறகு அண்ணை தன் பழைய சாவிகளை ஒரு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, என் பெட்டியைக் காலால் தள்ளி வைத்தார். அந்தச் சாவிகளை அவர் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தகட்டு வேலைதான் கூடுதல் காலம் எடுத்தது. 43 வட்டம் என்றாலும் பாதிக்கு மேல் பழைய ஒட்டுகள். தார் பீப்பாத் தகடு, கூரைத் தகரம், ஒரு இடத்தில் மாஜரின் ரின்கூட. ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதற்கு மேல் தார். அந்தக் கைகளைக் குறை சொல்ல மாட்டேன். எதுவும் கிடைக்காத காலத்தில் காரை வீதியில் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் இப்போது அவ்வளவையும் வெட்டி எறிந்தால்தான் நல்ல தகட்டைக் காண முடியும்.

இங்கே இரண்டு பிழை விட்டேன். ஒன்று, நாகம் (துத்தநாகம்) பூசிய கூரைத் தகரத்துக்கு மேலேயே, கொட்டிலின் கிடுகு மறைப்பை இறக்கிவிட்டு, உள்ளே இருந்து வெல்டிங் அடித்தது. வெள்ளைப் புகை வந்தது, வாயில் ஒரு இனிப்புக் கலந்த உலோகச் சுவை. அன்றிரவு குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் உளைச்சல். டெங்கு என்று வீடே பதறியது. இரத்தம் பார்த்தால் ஒன்றுமில்லை, மறுநாள் மாலை எழுந்து நடந்தேன். நாகப் புகையால் வரும் காய்ச்சல் அது என்று வைத்தியர் கேட்டறிந்து சொன்னார். நாகம் பூசிய தகட்டை வெட்டி அகற்றுங்கள், முடியாவிட்டால் பூச்சைத் தேய்த்துவிட்டு வெட்டவெளியில் வேலை செய்யுங்கள். பெற்றோல் ராங்கியைக் கழற்றி வளவின் மறுகோடிக்குக் கொண்டுபோகாமல் பற்றவைப்பைத் தொடவும் வேண்டாம். அதை மட்டும் நான் சரியாகச் செய்திருந்தேன்.

மற்றப் பிழை அண்ணை வராத நாளில் நடந்தது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டித் தகட்டை ஒரே வீச்சில் வெட்டி எடுத்துவிட்டேன். மறுநாள் முன் கதவைச் சாத்தினால் பூட்டுக் கொளுவவில்லை, கீழ் மூலை தூணில் இடித்தது. கார் நடுவில் தொய்ந்திருந்தது, 8 மில்லிமீற்றர். ஒரு கிழமை ஜாக்கி வைத்து மெல்ல மெல்ல உயர்த்தித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். அளவுகோலை விடக் கதவு உண்மை சொல்லும்.

2022 மார்ச்சில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வெல்டிங் இயந்திரத்தோடு மின்சார அட்டவணையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். விடிய 4 மணிக்குக் கரண்ட் வந்தால் 4 மணிக்கு வெல்டிங். அயலவர்கள் என்னை என்ன நினைத்தார்களோ. தின்னர், பெயின்ற் விலை நான் எழுதிவைத்த கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் ஏறியது. அந்தக் கொப்பியின் கடைசிக் கூட்டலை நான் இதுவரை போடவில்லை. போட்டால் வீட்டில் வாசிப்பார்கள்.

பெயின்ற் உரித்தபோது பொனற்றின் நடுவில் நீளத்துக்கு ஓடும் அகன்ற பட்டையைப் பார்த்து, உதவிக்கு வந்த பொடியன் “அண்ணை, உது பழைய ஒட்டு, மட்டம் தட்டட்டோ?” என்று சுத்தியலை எடுத்துவிட்டான். நல்லவேளை நான் பக்கத்தில் நின்றேன். அது ஒட்டுத்தான், ஆனால் பிறவி ஒட்டு. பிற்காலத்தில் மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தவர். 1948இல் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவருவதற்கு முன், மாதிரிக் கார் ஒடுங்கலாக இருக்கிறதென்று நெடுக்காக வெட்டி, இரண்டு பாதியையும் 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். பிடித்துப் போயிற்று. அந்த 4 அங்குலம்தான் பொனற்றில் பட்டையாக நிற்கிறது. 16 லட்சம் கார் அந்தப் பட்டையோடு போயிருக்கிறது. பொடியனிடம் சொன்னேன். “அப்ப அவையும் எங்களை மாதிரித்தான்,” என்றான்.

சாமான் பிரச்சினை நான் பயந்த அளவுக்கு இல்லை. இங்கிலாந்தில் இந்தக் காரின் ஏறக்குறைய எல்லாச் சாமானும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். றப்பர்கள், பிறேக் சாமான்கள், கிங் பின் இவற்றை லண்டனில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவந்தார். சொக்கிளேற் எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு அந்த முறை ஏமாற்றம். கண்ணாடி, விளக்கு வளையம், கதவுப் பூட்டு கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. 1990களில் தெற்கு இலங்கையில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதே வருடங்களில் நாங்கள் மாஜரின் ரின்னை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

ஜூலையில் என்ஜின் உள்ளே ஏறியது. முதல் ஸ்ராற் ஹான்டிலால்தான் என்று அண்ணை பிடிவாதம். ஒயில் எல்லா இடமும் போய்ச் சேரும்வரை பிளக் இல்லாமல் சுற்றிவிட்டு, பிறகு பிளக்கைப் பூட்டினோம். ஹான்டிலைப் பிடிக்கும் விதத்தை அவர் என் கையைப் பிடித்துக் காட்டினார். பெருவிரலும் மற்ற 4 விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். பிடியைச் சுற்றிப் பெருவிரலைப் போட்டால், என்ஜின் திருப்பி அடிக்கும்போது எலும்பு முறியும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. அவருடைய இடது பெருவிரல் நேராக இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

நாலாவது இழுப்பில் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு வளவுக்குள் ஒரு சுற்று. அண்ணை கையைக் காட்டி ஏதோ கத்தினார். பிறேக்கை மிதித்தேன், கால் தரைவரை போனது. வாழைப் பாத்திக்குள் போய், ஒரு கதலி மரத்தைச் சாய்த்துவிட்டு நின்றது கார். கிணற்றுக்கட்டு 10 அடி தள்ளி.

பிறேக் முதல், என்ஜின் பிறகு என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மொறிஸ் மைனரில் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரை வைத்திருக்கும் இடம் அப்படி. ஓட்டுநரின் காலடியில், அடித்தளப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு மூடித் தகடு. அதைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டுகளை வெளியே இழுத்தால் முன் சில்லைத் தாங்கும் ரோர்சன் பார், அதாவது முறுக்கு வில்லாக வேலை செய்யும் இரும்புத் தண்டு, குறுக்கே நிற்கும். அந்தப் பாரை விலக்காமல் போல்ட் வராது, அந்தப் பாருக்குள்ளேயோ காரின் முன்பாரம் முறுக்கி நிற்கிறது. அதனால்தான் ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளினேன். வாழைக்குப் பிறகு, கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்து, முறுக்கை மெல்லத் தளர்த்தி, 2 நாளில் கழற்றினோம். உள்ளே றப்பர் சீனிப்பாகாய்க் கரைந்திருந்தது. திருப்பிப் பூட்டும்போது போல்ட்டுகளை மறுபக்கத்திலிருந்து போட்டோம். அடுத்த முறை கழற்றுபவன் ரோர்சன் பாரைத் தொடத் தேவையில்லை. இந்தக் காரில் ஒரே ஒரு பிறேக் சுற்றுத்தான். ஒரு சில்லில் கசிந்தால் 4 சில்லும் போச்சு. குழாய், ரியூப், சில்லுச் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கிங் பின்னும் அதே இனம். முன் சில்லைத் தாங்கும் அந்தத் தண்டு புரியுள்ள கட்டைக்குள் திருகி நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து, ஒரு நாள் திரும்பும்போது சில்லு மடிந்து விழும். 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சில்லைத் தரையிலிருந்து தூக்கி, பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். தரையில் நின்றபடி அடித்தால் பாரம் விழும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது.

மின்சாரம் பற்றி ஒன்றே ஒன்று. இந்தக் காரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு சேர்கிறது. நான் எல்லாக் காரையும்போல நினைத்து, போன் சார்ஜர் ஒன்றைப் பூட்டி, புகை கண்டேன். பற்றரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ற்றில் பெரிய கூட்டல் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன். சேவிஸ் பண்ண வரும் பொடியன்களுக்காக என்று சொல்வேன்.

பெயின்ற்றுக்கு நான் பெரிதாக மினக்கெடவில்லை. டாஷ் போர்ட்டுக்குப் பின்னால் பிறவி நிறமான சாம்பல் அப்படியே இருந்தது, அதைப் பார்த்துக் கலந்து அடித்தோம். ஓட்டுநர்க் கதவின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பழைய படைகளைத் தேய்த்து விட்டுவைத்தேன். சாம்பல், அதற்கு மேல் கடும்பச்சை, வெள்ளை, ஒரு மண்நிறம், பிறகு பெரியப்பாவின் நீலம். மண்நிறத்தைப் பற்றிக் கேட்டால் அண்ணை சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார். போட்டியில் நிறுத்திப் பரிசு வாங்கும் கார்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காசுக்கு நான் இன்னும் 5 வருடம் ஓடுவேன்.

பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ ஆர் குறியீடு வந்த வருடம் அது. கார்களுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பதிவதற்குச் சேசிஸ் இலக்கம் வேண்டும், பழைய புத்தகத்தில் எழுத்து அழிந்திருந்தது. பொனற்றுக்குள் இருந்த தகட்டைக் கழுவி, ரோர்ச் அடித்துப் பார்த்தேன். எம் ஏ எஸ் 3, அதற்குப் பிறகு இலக்கம். எம் என்றால் மொறிஸ், ஏ என்றால் ஏ வகை என்ஜின், எஸ் என்றால் 4 கதவுச் சலூன், 3 என்றால் மூன்றாம் தொடர். போனில் தட்டினேன். கறுப்புச் சதுரம் வந்துவிட்டது. கியூவில் எங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு வயதானவர் பொனற்றைத் திறக்கச் சொல்லி, பித்தளைத் திருகுகுழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உதைக் கழட்டிப் போடாதை மோனை,” என்றார். கழற்றவில்லை. இணைப்பை மட்டும் அடைத்து வைத்திருக்கிறேன்.

முதல் நீண்ட ஓட்டம் 2023 தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, சாவகச்சேரிக்கு. அம்மா முன்னால், பெரியம்மா பின்னால், மடியில் மழைத் தண்ணீர்ப் போத்தல். மணிக்கு 45 கிலோமீற்றர். செம்மணி வெளியில் காற்று நன்றாக வந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது என்ஜின் இரண்டு தரம் திக்கி, நின்றுவிட்டது. ஓரமாக உருட்டினேன்.

இந்தக் காரின் எஸ் யு கம்பனிப் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, சாவியைத் திருப்பினதும் ‘டிக் டிக்’ என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. உள்ளே மின்சாரத்தைத் தொட்டு விடும் பொயின்ற் கரி பிடித்து ஒட்டிவிட்டது. பொனற்றைத் திறந்து ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“அண்டைக்கு இரவும் இந்த இடத்திலைதான் நிண்டது,” என்றா பெரியம்மா பின்னாலிருந்து. “நடந்து போன சனமெல்லாம் எங்களை முந்திப் போச்சுது. அவர் செருப்பைக் கழட்டி உதிலை ஒரு தட்டுத் தட்டினவர்.”

ஸ்பானரை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். பம்பின் தலையில் மெதுவாக ஒரு தட்டு. டிக், டிக், டிக், டிக். அடங்கியது. ஸ்ராற்றரை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. வீடு திரும்பியதும் கொப்பியில் எழுதினேன்: பம்ப் பொயின்ற் மாற்ற வேண்டும். இன்னும் மாற்றவில்லை.